கணினி எழும் வேளையில் ஏற்கும் நியமங்கள்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தினுள் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியோடு தொடர்புற்றதே காரணமென்று மின்சக்தி அமைச்சர் அறிவித்த ஒரு சம்பவத்தினால், இலங்கைத் தீவு முழுவதும் ஒரே சமயத்தில் மின்சாரம் இழந்தது. அவ்வேளையில் இயங்கிக்கொண்டிருந்த கணினிகளுள் மின்கலத்தின் துணையில்லாதவை யாவும் முன்னறிவிப்பின்றி அணைந்தன. மணித்தியாலங்கள் கழிந்து மின்சாரம் திரும்பிய பின்னர் அவை ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன. அணைந்த க்ஷணத்தில் அவற்றின் நினைவகத்திலே தங்கி, வன்தட்டைச் சென்றடையாமல் அழிந்தவை எவ்வளவு என்பதும், எழுந்த க்ஷணத்தில் அவை தமக்கு எந்தெந்த நியமங்களை வரித்துக்கொண்டன என்பதும் சாதாரணமாக எவரும் எண்ணிப் பாராத விஷயங்கள். ஆயினும் இவ்விரண்டும் தம்முள் நெருங்கிய சம்பந்தம் உடையவை. முன்னதன் அளவைத் தீர்மானிப்பதில் பின்னதற்குப் பெரும் பங்கு உண்டு.

மாங்குளத்தில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இவ்வூர், வடக்கே கிளிநொச்சிக்கும் தெற்கே வவுனியாவுக்கும் கிழக்கே ஒட்டுசுட்டானுக்கும் மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளுக்கும் செல்வோர் கடந்து போகும் சந்தி. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வன்னிப் பெருநிலம் தேசிய மின்வலையமைப்பினின்றும் அறுபட்டுக் கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்கோடும் மின்பிறப்பாக்கியோடும் ஒரு தலைமுறை இங்கே படித்து முடித்தது. 2009 க்குப் பின்னர் மின்கம்பங்கள் மீண்டும் நடப்பட்டு ஒளி வந்தது உண்மை. ஆனால் வந்த ஒளி எந்நேரமும் நிற்கும் என்ற உறுதி நாட்டில் எவருக்கும் வாய்க்கவில்லை: 2022 மார்ச் 31 ஆம் திகதியன்று நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு இலங்கை முழுவதற்கும் விதிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நெருக்கடி நீங்கிய பின்னரும், மாரியில் மரக்கொம்பு முறிந்து கம்பியில் விழுவதும், இடி முழக்கத்தோடு மின்சாரம் போவதும் காட்டோரத்து ஊர்களுக்குப் புதியன அல்ல. இத்தகைய பிரதேசத்தில் ஒரு பாடசாலையோ வாசிகசாலையோ கூட்டுறவுச் சங்கமோ லினக்ஸ் கணினியொன்றை வைத்துப் பராமரிக்க முற்படின், அது எழும்போது அதற்கு நாம் சொல்லிவைக்க வேண்டியவை யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நின்று, நினைவகத்தைப் பங்கிடுவதும், வன்தட்டில் எழுதுவதும், வலையமைப்பிலே செய்திகளை அனுப்புவதும் ஏற்பதுமாகிய காரியங்களை நடத்தும் மூலநிரலுக்குக் கேர்ணல் என்று பெயர். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட்டில் உலகுக்கு அறிவித்த லினக்ஸ் கேர்ணல், இன்று கைத்தொலைபேசி முதல் மீக்கணினி வரை எண்ணற்ற யந்திரங்களில் இயங்குகின்றது. கையடக்கப் பொறிக்கும் பெருங்கட்டடத்தை நிறைக்கும் சேவையகத்துக்கும் ஒரே நிரல் உதவ வேண்டுமாயின், அதன் நடத்தையை இடத்துக்கேற்பத் திருத்துவதற்கு வழி இருத்தல் அவசியம். அவ்வழிகளுள் பிரதானமானது சிஸ்கன்ட்ரோல் என்று வாயாலும் சிஸ்சிடிஎல் என்று எழுத்தாலும் வழங்கும் ஏற்பாடு. 1993 இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸின் 4.4 ஆம் பதிப்பிலே தோன்றிய இந்த உத்தி லினக்ஸுக்குள் வந்தபோது, அழகிய ஒரு வடிவம் பெற்றது: கேர்ணலின் ஒவ்வோர் அமைவும் புரொக் என்னும் கோப்புறையின் கீழுள்ள சிஸ் என்ற உட்கோப்புறையில் ஒரு சிறு கோப்பாகத் தோற்றமளிக்கும், அக்கோப்பை வாசித்தால் இப்போதுள்ள பெறுமானம் தெரியும், அதில் ஓர் எண்ணை எழுதினால் கேர்ணலின் நடத்தை அக்கணமே மாறும். அக்கோப்புகள் வன்தட்டில் எங்கும் இல்லை. கேர்ணல் தன் நினைவகத்திலுள்ளதைக் கோப்புப் போலக் காட்டுகின்றது, அவ்வளவே.

வன்தட்டில் இல்லாமையே இங்கு கவனிக்கத்தக்கது. முனையத்தின் முன் அமர்ந்து ஒரு கட்டளையால் நாம் செய்யும் மாற்றம் கணினி அணையும் வரைதான் வாழும். அணைந்தெழுந்த கேர்ணல் நாம் சொன்ன எதையும் நினைவில் வைத்திருக்காது. ஆண்டுக்கணக்காக அணையாத சேவையகங்களைப் பராமரிப்போர் இக்குறையை உணராமலே காலம் கழிக்கக்கூடும். மின்சாரம் மாதத்திற் பலமுறை போய்வரும் ஊரிலோ, தற்காலிகமாகச் செய்தது எதுவும் ஒரு வாரம் தரிப்பதே அரிது; ஆதலால் கேர்ணலுக்கு வேண்டிய நியமங்களை, அது எழும் ஒவ்வொரு முறையும் படிக்கப்படத்தக்க இடத்தில் எழுதிவைப்பது இங்கே தவிர்க்க முடியாத கடமையாகின்றது.

கணினி எழும் கிரமம் இது. ஆளியை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உறையும் நிலைபொருள் முதலில் விழித்து, வன்பொருளைச் சோதித்து, கிரப் போன்ற தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழ வேண்டுமா, ஒருவர் வந்து அழுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா என்பது இந்நிலைபொருளின் அமைவே அன்றிக் கேர்ணலின் விஷயம் அன்று. அதைத் தனியே அங்கு சென்று அமைத்தல் வேண்டும். கிரப் கேர்ணலை நினைவகத்தில் ஏற்றி, ஒருவரி அறிவுறுத்தலையும் அதன் கையில் கொடுக்கும். சுருங்கிய நிலையிலிருந்து விரியும் கேர்ணல் தன்னை நிலைநிறுத்திக்கொண்டு, கடைசியில் இலக்கம் 1 என்ற முதற் செயன்முறையைத் தொடக்கும். 2010 இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி என்னும் நிரலே இக்காலத்துப் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் அந்த முதலிடத்தை வகிக்கின்றது. வலையமைப்புச் சேவைகளும் தரவுத்தளங்களும் எழுவதற்கு முன்னரே, மிக முற்பட்ட ஒரு கட்டத்தில், சிஸ்டம்டியின் உறுப்பாகிய ஒரு சிறு சேவை, குறித்த சில கோப்புறைகளில் நாம் எழுதிவைத்துள்ள வரிகளை வாசித்து, அவற்றிலுள்ள எண்களை மேற்சொன்ன சிஸ் கோப்புறையில் ஒவ்வொன்றாக எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகின்றது. க்ஷண நேரத்தில் நிகழ்ந்து முடியும் இச்செயலே அன்றைய தினம் முழுவதும் அக்கணினியின் சுபாவத்தை நிர்ணயிக்கின்றது.

நாம் எதுவும் எழுதவில்லையாயின் என்ன நிகழும்? இயல்புநிலைப் பெறுமானங்கள் நிலவும். இயல்புநிலை என்றதும் அது ஏதோ இயற்கை விதி என்று எண்ணுவோர் பலர். அது மனிதர் செய்த தீர்மானம். அதுவும் ஒரே இடத்தில் ஒருவரே செய்ததன்று. கேர்ணலை ஆக்குவோர் மூலநிரலிலே ஒன்றைப் பதிக்கின்றனர். டெபியன், உபுண்டு முதலிய தொகுப்புகளை ஆக்குவோர் தம் பயனாளரை மனத்திற்கொண்டு சிலவற்றை மாற்றித் தம் கோப்புகளையும் சேர்த்து வெளியிடுகின்றனர். சென்னையிலிருந்து சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கிய பொஸ் லினக்ஸும் இவ்வகைத் தொகுப்பே. உதாரணமாக, உபுண்டுவில் ஒரு நிரல் தன் சேய் அல்லாத இன்னொரு நிரலின் உள்ளே எட்டிப்பார்ப்பதற்குத் தடை இயல்பாகவே விதிக்கப்பட்டிருக்கும். இவ்விரு சாராருக்கும் பின்னர் எஞ்சுவது கணினியைப் பராமரிக்கும் உள்ளூரவரின் தீர்மானம். முதலிரு சாராரும் அறிவும் அநுபவமும் மிக்கவர்கள். அவர்கள் தேர்ந்த எண்களைக் காரணமின்றித் தொடுவது அறியாமை. ஆனால், அவர்கள் மனத்தில் நின்ற கணினி தடையற்ற மின்சாரம் பெறும் கணினி. அல்லது மின்கலத்தோடு கூடிய மடிக்கணினி. நம் ஊரின் நிலையை நாமன்றி வேறு எவரும் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை.

இதனை விளக்க மிகப் பொருத்தமானவை அழுக்குப் பக்கங்கள் பற்றிய அமைவுகள். பெயர் விசித்திரமாயினும் பொருள் எளிது. நாம் ஒரு கடிதத்தைச் சேமிக்கும்போதோ ஒரு படத்தை நகலெடுக்கும்போதோ, அது நேரே வன்தட்டுக்குப் போய்விடுவதில்லை. வன்தட்டு மெதுவானது, நினைவகம் விரைவானது, ஆதலால் கேர்ணல் எழுதவேண்டியதை நினைவகத்திலுள்ள பதுக்கு நினைவகத்திலே 4 கிலோபைட்டுப் பக்கங்களாக வாங்கி வைத்துக்கொண்டு, நிரலை நோக்கி வேலை முடிந்ததென்று சொல்லிவிடுகின்றது. நினைவகத்தில் மாறி, வன்தட்டில் இன்னும் மாறாத அப்பக்கங்களுக்கே அழுக்குப் பக்கங்கள் என்று பெயர். அவற்றை வன்தட்டுக்கு அனுப்புவது கேர்ணல் பின்னர் தன் வசதிப்படி செய்யும் காரியம். வேகத்துக்கு இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. ஆயினும், மின்சாரம் போனால் அழுக்குப் பக்கங்கள் அத்தனையும் போகும். முடிந்ததென்று கணினி நமக்குச் சொன்ன வேலையே மறைந்துபோகும்.

அவற்றை எப்பொழுது வெளியேற்றுவது என்பதை நான்கு எண்கள் நிர்ணயிக்கின்றன. இரண்டு அளவு பற்றியவை. இரண்டு காலம் பற்றியவை. மாங்குளத்தருகே வடக்கு நோக்கிப் பாயும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் சேர்வதையும், மாரி வெள்ளம் வரும்போது அக்குளத்தின் நீர்மட்டம் ஓர் அளவை எட்டியதும் வான்கதவுகளுட் சிலவற்றைச் சிறிது திறந்துவிட்டு, அதையும் மீறி ஏறினால் எல்லாக் கதவுகளையும் திறப்பதையும் அறிந்தவர்களுக்கு, அளவு பற்றிய இரு எண்களின் தத்துவம் உடனே விளங்கும். பயன்படக்கூடிய நினைவகத்தில் அழுக்குப் பக்கங்கள் நூற்றுக்கு 10 என்னும் பின்னணி எல்லையை எட்டியதும் கேர்ணல் அவற்றை அமைதியாக வன்தட்டுக்கு அனுப்பத் தொடங்கும். நூற்றுக்கு 20 என்னும் மேல் எல்லையை நெருங்கினாலோ, மேலும் எழுத முயலும் நிரலையே தடுத்துக் காக்கவைக்கும். காலம் பற்றிய எண்களுள் ஒன்று, ஒரு பக்கம் எவ்வளவு நேரம் அழுக்காக இருக்கலாம் என்பது. அதன் இயல்புநிலை 30 விநாடி. மற்றது, வெளியேற்றும் வேலையாள் எத்தனைக்கொருமுறை விழித்துப் பார்ப்பான் என்பது. அது 5 விநாடி. கேர்ணல் இவ்விரண்டையும் விநாடியின் நூறில் ஒரு பங்கில் கணக்கிடுதலால், கோப்பில் அவை 3000 என்றும் 500 என்றும் காணப்படும். அறியாதவர் 30 என்று எழுதிவிட்டு, விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கெடுவை விதித்துவிடக்கூடும்.

இவ்வெண்களை நம் நிலையில் வைத்துப் பார்ப்போம். 8 கிகாபைட்டு நினைவகமுள்ள கணினியொன்றில் பெரும்பகுதி ஓய்வாக இருக்குமாயின், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 1500 மெகாபைட்டு ஆகும். பாடசாலைக் காணொளியொன்றை விநாடிக்கு 20 மெகாபைட்டு மட்டுமே எழுதவல்ல ஒரு பென் டிரைவுக்கு ஆசிரியர் ஒருவர் நகலெடுக்கும்போது, நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டிய பின்னரும் அத்தனை மெகாபைட்டு நினைவகத்திலே தேங்கி நிற்கக்கூடும்; அது முழுவதும் இறங்குவதற்கு 75 விநாடி வேண்டும். அதற்குள் பென் டிரைவைப் பிடுங்கினாலும் மின்சாரம் போனாலும் கிடைப்பது அரைகுறைக் கோப்பு. கேர்ணல் எழுதப்பட்ட காலத்தில் நினைவகம் சில மெகாபைட்டுகளாக இருந்தபோது, நூற்றுக்கு 20 என்பது சிறு தொகை. நினைவகம் ஆயிரம் மடங்கு பெருகியபோது அதே விழுக்காட்டுக்குரிய தொகையும் ஆயிரம் மடங்காயிற்று. இக்காரணத்தால் விழுக்காட்டுக்குப் பதிலாக பைட்டுக் கணக்கிலேயே எல்லை விதிக்கவும் கேர்ணல் பின்னர் இடங்கொடுத்தது. பின்னணி எல்லையை 16 மெகாபைட்டு, மேல் எல்லையை 64 மெகாபைட்டு என்று எழுதிவைத்தால், அதே பென் டிரைவில் தேங்குவது மூன்று விநாடிச் சொச்ச வேலை மாத்திரமே. பைட்டுக் கணக்கில் எல்லை விதித்த உடன் விழுக்காட்டு அமைவு பூச்சியமாகத் தோன்றும். இரண்டில் ஒன்றே ஆட்சி செய்யும் என்பதற்கு அது அடையாளம், பிழை அன்று. காலக்கெடுவையும் 30 விநாடியிலிருந்து 5 ஆகவும், விழிப்பு இடைவெளியை 1 அல்லது 2 விநாடியாகவும் குறைப்பது நம் பிரதேசத்துக்குத் தகும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒரே பக்கம் அரை நிமிடத்தில் பத்துமுறை மாறினால் இயல்புநிலைக் கேர்ணல் அதனைப் பெரும்பாலும் ஒருமுறையே எழுதும். நம் கேர்ணல் பலமுறை எழுதும். மீள எழுதுந்தோறும் தேயும் சுபாவமுள்ள நினைவட்டைகளில் இயங்கும் சிறு கணினிகளுக்கு அது ஆயுளைக் குறைக்கும். பழைய வன்தட்டுகளில் வேகம் குன்றும். எழுத்து வேலை மிகுந்த இடத்தில் இவ்வமைவு தீங்கே செய்யக்கூடும். ஆனால், மாணவரின் ஒப்படைகளும் சங்கத்தின் கணக்குகளும் நூலகப் பட்டியல்களும் மாத்திரம் இருக்கும் கணினியில், அரை நிமிட உழைப்பு அழிவதைவிட வேகம் சற்றுக் குறைவதே மேல் என்று நான் துணிகின்றேன். ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் தம் கட்டமைப்பைப் பற்றிய குறிப்பேட்டை இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை வன்தட்டில் பதிவதும், தரவுத்தள நிரல்கள் தம் பதிவுகளை உடனே எழுதும்படி கேர்ணலை வற்புறுத்துவதும் உண்மையே. இவற்றால் கோப்புறைகள் குலையாமல் தப்பும், தரவுத்தளம் தன் வாக்கைக் காக்கும். சாதாரண நிரல்களின் வேலைக்கு அந்தப் பாதுகாப்பு முழுவதும் கிட்டுவதில்லை. யூபிஎஸ் ஒன்று இருந்தால் இவையெல்லாம் எதற்கென்று கேட்கலாம். அதன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழப்பதும், அதை மாற்றப் பணம் ஒதுக்கப்படாமல் அது வெறும் பெட்டியாக நிற்பதும் எல்லா ஊர்களிலும் காணக்கூடிய காட்சி. எண்களை மாற்றுவதற்கோ பணம் வேண்டியதில்லை.

அடுத்து, ஸ்வாப்பினஸ் என்று வழங்கும் அமைவு. இதைப் பற்றி நிலவும் பிழையான அபிப்பிராயங்களுக்கு அளவில்லை. இயல்புநிலை 60 என்றதும், நினைவகத்தில் நூற்றுக்கு 60 நிறைந்ததும் கேர்ணல் வன்தட்டுக்குப் பக்கங்களைத் தள்ளத் தொடங்கும் என்று பலர் எழுதுகின்றனர், அது உண்மையன்று. நினைவகம் போதாமற் போகும் வேளையில் கேர்ணல் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: கோப்புகளிலிருந்து வாசித்து வைத்த பக்கங்களைக் கைவிட்டு, வேண்டும்போது மீள வாசிக்கலாம், அல்லது நிரல்களின் சொந்தப் பக்கங்களை வன்தட்டில் ஒதுக்கப்பட்ட ஸ்வாப் பகுதிக்கு நகர்த்தலாம். இவ்விரண்டின் செலவையும் ஒப்பிடுவதற்குக் கேர்ணல் கேட்கும் மதிப்பீடே இந்த எண். 100 என்றால் இரண்டும் சமம். அதற்குக் குறைந்தால் ஸ்வாப் அதிகச் செலவுடையது என்று பொருள். 2020 இல் வெளிவந்த 5.8 ஆம் பதிப்பு முதல் இதை 200 வரை உயர்த்தலாம்; நினைவகத்தின் ஒரு பகுதியிலேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் என்ற உபாயத்தைக் கையாளும்போது ஸ்வாப் வன்தட்டைவிட விரைவானதாகிவிடுவதால், அப்போது 100 க்கு மேற்பட்ட பெறுமானமே நியாயமானது. 2 கிகாபைட்டு நினைவகத்தோடு நன்கொடையாக வந்து சேரும் பழைய கணினிகளை இயக்குவோருக்கு இது பெரிதும் பயன்படும். எங்கும் 10 என்று எழுதிவிடுக என்று கண்மூடித்தனமாகப் பரப்பப்படும் உபதேசம் அத்தகைய கணினிக்கு நேர்மாறான கெடுதியைச் செய்யும்.

இன்னோர் அமைவைச் சுருக்கமாகச் சொல்லலாம். தானே தீர்க்க முடியாத கோளாறு ஒன்றைக் கண்டால் கேர்ணல் திகைப்புற்று நின்றுவிடும். பேனிக் என்பது அந்நிலைக்குப் பெயர். அதன் பின் எத்தனை விநாடியில் தானே மீண்டும் எழ வேண்டும் என்பதைக் குறிக்கும் பேனிக் அமைவின் எண் இயல்புநிலையில் 0. அதாவது ஒருவர் வந்து ஆளியை அழுத்தும் வரை அது நின்றபடியே நிற்கும். கோளாற்றின் தடயத்தைத் திரையில் வாசிக்க வல்லுநர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் ஆய்வுகூடத்துக்கு அதுவே உகந்தது. வெள்ளிக்கிழமை மாலை பூட்டித் திங்கட்கிழமை காலை திறக்கும் அறையிலுள்ள சேவையகத்துக்கு 10 என்று எழுதிவைத்தால், 10 விநாடி பொறுத்துத் தானே மீண்டும் எழும்.

வலையமைப்பு அமைவுகளில் ஒரு நுட்பம் இருக்கின்றது. அதனை அறியாதவர் வீணே பிரயாசைப்படுவர். கைத்தொலைபேசி வலையமைப்பின் டொங்கிள் ஒன்றைக் கணினியொன்றில் செருகி, அதன் மூலம் அறையிலுள்ள ஏனைய கணினிகளுக்கும் இணையத்தைப் பகிர விரும்பினால், ஒருபுறத்தால் வரும் பொதிகளை மறுபுறத்தால் அனுப்பும்படி கேர்ணலுக்கு அனுமதி அளிக்க வேண்டும். இவ்வனுமதி இயல்பில் 0. ஏனெனில் சாதாரணக் கணினி கேளாமலே வழிச்செலுத்தியாக நடக்கலாகாது என்பது 1989 இல் வெளியான இணைய நியமங்களிலேயே விதிக்கப்பட்டது. அதை 1 ஆக்குவது எளிது. ஆனால் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் தனித்தனியே உள்ள அமைவுகளைப் பார்த்தால் மூன்று வகை தென்படும்: எல்லாவற்றுக்கும் என்றொன்று, இயல்புநிலை என்றொன்று, இன்ன இடைமுகத்துக்கு என்றொன்று. இவற்றுள் இயல்புநிலை என்பதில் எழுதும் எண், இனிமேல் தோன்றும் இடைமுகங்களுக்கு மாத்திரமே தொடக்கப் பெறுமானமாக நகலெடுக்கப்படும். ஏற்கெனவே தோன்றிவிட்ட இடைமுகத்தை அது பொதுவாகத் தொடாது. கணினி எழும்போது நம் வரிகள் வாசிக்கப்படுவதற்கு முன்னரே கம்பி இடைமுகம் தோன்றியிருக்கக்கூடும். டொங்கிளோ பிற்பகலில்தான் செருகப்படும். ஆகவே ஒரே வரி ஒன்றுக்குப் பலித்து, மற்றதற்குப் பலிக்காமற் போகலாம். சிஸ்டம்டியை அமைத்தோர் இதை அறிந்து, இடைமுகம் எப்போது தோன்றினாலும் அதன் பெயர் குறித்து எழுதப்பட்ட வரிகள் அக்கணத்தில் மீண்டும் எழுதப்படும்படி ஒரு விதி வைத்திருக்கின்றனர். பெயரைக் குறிப்பிட்டு எழுதுவதே பாதுகாப்பானது.

இயல்புநிலை மாறாததன்று என்பதற்கு வலையமைப்பே நல்ல சாட்சி தருகின்றது. 1996 செப்டெம்பரில் நியூயோர்க் நகரத்தின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம், தொடர்பு கோரும் பொய்ப் பொதிகளின் வெள்ளத்தால் முடங்கியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கிக் காத்திருப்பதே கணினியின் பலவீனமாக முடிந்தது. அதே மாதத்தில் டான் பேர்ன்ஸ்டைனும் எரிக் ஷெங்க்கும் வகுத்த சின் குக்கி என்னும் உபாயம், இடம் ஒதுக்காமலே வந்தவர் உண்மையானவரா என்று அறிய வழி செய்தது. ஒரு காலத்தில் பராமரிப்பாளர் தாமே தேடி எழுதிவைக்க வேண்டியிருந்த அந்த அமைவு, இன்றைய லினக்ஸில் இயல்பாகவே 1 ஆக இருக்கின்றது.

இனி, வரிகளை எங்கு எழுதுவது என்பது. எட்சி கோப்புறையினுள் சிஸ்சிடிஎல்-டி என்றோர் உட்கோப்புறை உண்டு; தொகுப்பை ஆக்கியோரின் கோப்புகள் யூசர் கோப்புறையின் கீழுள்ள அதே பெயருடைய இன்னோர் இடத்தில் இருக்கும். எல்லா இடங்களிலுமுள்ள கோப்புகளும் இருக்கும் இடத்தைப் பாராமல் பெயரின் வரிசைப்படி ஒழுங்குபடுத்தப்பட்டு வாசிக்கப்படும். ஒரே அமைவுக்கு இருவர் இருவேறு எண் எழுதியிருப்பின் பின்னால் வந்தவரே வெல்வார். ஆகையினால்தான் கோப்பின் பெயர் 10, 50, 90 என்ற எண்களோடு தொடங்குவது வழக்கம். ஒரே பெயரில் இரு கோப்புகள் இருந்தால் எட்சியில் உள்ளதே கொள்ளப்படும், மற்றது முற்றாக ஒதுக்கப்படும். தொகுப்பாளரின் தீர்மானத்தை உள்ளூரவர் அழிக்காமலே மாற்றுவதற்கு இது மிக மரியாதையான வழி. இவ்வளவு பொறுத்திருக்க முடியாத அமைவுகளை, 5.8 ஆம் பதிப்பு முதல், கிரப் கொடுக்கும் ஒருவரி அறிவுறுத்தலிலேயே சேர்க்கலாம்; முதற் செயன்முறை எழுவதற்கு முன்னரே அவை நடைமுறைக்கு வரும். மாறாக, கேர்ணலோடு பின்னர் இணையும் கூறு ஒன்றுக்குரிய அமைவை எழுதிவைத்து, அக்கூறு தொடக்கத்தில் ஏற்றப்படாவிட்டால், எழுதுவதற்குரிய கோப்பே அப்போது இராது. அந்த வரி பலிக்காது. அத்தகைய கூறுகளை முன்கூட்டியே ஏற்றும்படி வேறொரு கோப்பில் குறித்தல் வேண்டும்.

கோப்பில் எண்ணை மாத்திரம் எழுதிவிட்டுப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொடக்கத்தில் ஒரு குறியிட்ட வரிகளைச் சிஸ்டம்டியின் அச்சிறு சேவை பொருட்படுத்தாது. அவ்வரிகள் மனிதருக்கு உரியவை. இன்ன ஆண்டு இன்ன மாதம், இக்கட்டடத்தில் மின்தடை அதிகமாதலால், யூபிஎஸ் மின்கலம் செயலிழந்திருந்தமையால், இவ்வெல்லை இப்படிக் குறைக்கப்பட்டது என்று நல்ல தமிழில் நான்கு வரி எழுதினால், அதைப் பராமரிக்க அடுத்து வருபவர் காரணம் நீங்கியதா என்று பார்த்து எண்ணையும் நீக்க முடியும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், பம்பைமடுவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்க, அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் இவ்வூர்களின் பாடசாலைக் கணினிகளில் காரணம் எழுதப்படாத எண்கள் கிடப்பது பெருங்குறை. அங்கு பயிலும் மாணவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு பாடசாலைக் கணினியின் அமைவுகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைப்பார்களாயின், அதனால் பாடசாலை பெறும் பயனைவிட அவர்கள் பெறும் கல்வி பெரிதாக இருக்கும்.

எழுதிய பின் சோதிப்பது இன்றியமையாதது. கட்டளையால் வரிகளை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்ப்பது போதாது. கணினியை மெய்யாகவே அணைத்து எழுப்பி, அதன் பின்னர் சிஸ் கோப்புறையிலுள்ள எண்களை வாசித்துப் பார்க்க வேண்டும். வரிசையில் பின்னால் வந்த வேறொரு கோப்பு நம் எண்ணை மீறியதும், எழுத்துப் பிழையால் ஒரு வரி தள்ளப்பட்டதும் அப்போதுதான் வெளிப்படும். தொகுப்பைப் புதுப்பித்த பின்னரும் இதையே மீளச் செய்தல் வேண்டும். 2025 ஓகஸ்ட்டில் வெளியான டெபியன் 13 ஆம் பதிப்பில் இது விசேஷமாகத் தேவைப்படுகின்றது. நெடுங்காலமாகப் பராமரிப்பாளர் யாவரும் தம் வரிகளை எழுதிவந்த, எட்சி கோப்புறையில் தனித்து நிற்கும் சிஸ்சிடிஎல் கோப்பை அப்பதிப்பு எழும்போது வாசிப்பதில்லை. எழுதிவைத்த வரிகள் அழியமாட்டா, பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது. ஆனால் அழுக்குப் பக்கங்களின் கெடு 30 விநாடிக்கும், பேனிக் அமைவு 0 க்கும் திரும்பியிருக்கும். அப்பதிப்புக்கு மாறுவோர் தம் வரிகளைச் சிஸ்சிடிஎல்-டி கோப்புறையில், பெயர் 90 என்று தொடங்கும் ஒரு கோப்புக்கு மாற்றிவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்தெழுப்பி எண்களை வாசித்துக்கொள்ள வேண்டும்.